ஸ்டோர் அக்காவும் இருபத்தெட்டு இஞ்ச் ராஜாக்களும்

எங்கள் பள்ளியில் அவரை எல்லோரும் ஸ்டோர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிட ஒன்பது வயது இளையவர். இருந்தாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். கேலியாக ஆரம்பித்தது. இப்போது கேலி போய் மரியாதை மட்டும் மிச்சமிருக்கிறது. அது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் என் மானம் கொஞ்சம் போகும். போகட்டும், அது ஒன்றும் பெரிய சொத்தில்லை.

நான் சரித்திர வாத்தியார். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கத்தல் சார். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பதினெட்டு வருடமாக ஆண்டு விழா நாடகத்தை நான்தான் எழுதி, ஆள் பிடித்து, கத்தி, தொண்டை கட்டி, மேடையேற்றி வருகிறேன். திரை விழுந்த மறு நிமிடம் என் வேலை முடிந்தது. பிள்ளைகள் கழற்றிப் போட்டதையெல்லாம் அள்ளிச் சாக்கில் திணித்து, வாயைக் கட்டி, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறைக்குள் தள்ளிவிடுவேன். அடுத்த வருடம் தேவைப்படும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போவேன். ஒரு வருடம் சிங்கத்தின் தலைக்குள் எலி குட்டி போட்டிருந்தது. நாடகத்தில் சிங்கத்தை முயலாக மாற்றிவிட்டேன். எலியை விரட்டுவதைவிட வசனத்தை மாற்றுவது எனக்குச் சுலபம்.

அந்த அறையில் கூரை ஒரு பக்கமாகச் சரிந்து வரும். உள்ளே போகிறவர்கள் மூன்றாவது அடியில் குனிய வேண்டும், இல்லாவிட்டால் படிக்கட்டு நெற்றியில் இடித்து ஞாபகப்படுத்தும். ஒரே ஜன்னல், அதுவும் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்தபடி. பதினொரு டிரங்குப் பெட்டிகள், இருபதுக்கு மேல் சாக்குகள், அட்டைக் கிரீடங்கள், ஒரு கால் உடைந்த சிம்மாசனம். துப்புரவு செய்ய வருபவர்கள்கூட அந்தக் கதவை வெளியிலிருந்தே துடைத்துவிட்டுப் போவார்கள்.

ஸ்டோர் அக்கா இங்கே வருவதற்கு முன் பஸ் டிப்போவின் ஒர்க்‌ஷாப்பில் உதிரிபாக ஸ்டோரைப் பதினாலு வருடம் பார்த்துக்கொண்டவர். டிப்போ நகரத்துக்கு வெளியே இடம் மாறியது. காலையில் இரண்டு பஸ், மாலையில் இரண்டு பஸ். வீட்டில் முழங்கால் இரண்டும் மக்கர் செய்யும் மாமியார். கணவருக்கு வயரிங் வேலை, எந்தக் கட்டடத்தில் எந்தச் சுவருக்குள் இருப்பார் என்று அவருக்கே காலையில்தான் தெரியும். மகள் கல்லூரியில் முதல் வருடம். யோசித்துப் பார்த்துவிட்டு டிப்போவை விட்டார், எங்கள் பள்ளியில் ஆபீஸ் உதவியாளராகச் சேர்ந்தார். தற்காலிக வேலை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

சேர்ந்த முதல் வாரமே தலைமையாசிரியை அவரிடம் அந்த அறைச் சாவியைக் கொடுத்து, "இதை ஒரு வழி பண்ணிடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர் மனதில் இருந்தது பழைய சாமான்காரனும் ஒரு கை வண்டியும். அக்காவின் மனதில் இருந்தது வேறு. நேராக ஆசிரியர் அறைக்கு வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"சார், டிரஸ் ரூம் லிஸ்ட் எங்க இருக்கு?"

"லிஸ்டா? எல்லாம் என் தலைக்குள்ள இருக்கு."

"அப்ப உங்க தலை லீவு போட்டா என்ன சார் பண்ணுவாங்க?"

அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கணக்கு டீச்சர் டீயைக் கொட்டிக்கொண்டார். அன்றைக்கு எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இந்த அம்மாவுக்கு நாடகத்தைப் பற்றி என்ன தெரியும் என்று அடுத்த இரண்டு பீரியடும் பொருமிக்கொண்டே பாடம் நடத்தினேன். பாவம் பிள்ளைகள், எந்தப் போரில் யார் தோற்றார்கள் என்று அன்று பாடம் கேட்டவர்கள் யாரும் பரீட்சையில் சரியாக எழுதியிருக்க மாட்டார்கள்.

அவர் முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டு உருப்படிகள். பிறகு துவைத்தார். பள்ளியின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே கயிறு கட்டி, ஒரு வாரம் முழுக்க ராஜாக்களும் கரடிகளும் தபால்காரர்களும் வெயிலில் தொங்கினார்கள். துவைக்க முடியாததைத் தட்டினார். தட்டியும் போகாததை மட்டும், என்னிடம் வந்து காட்டி, சம்மதம் வாங்கி, எறிந்தார். எனக்கு அந்தச் சம்மதம் கேட்டது பிடித்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு அடுக்க ஆரம்பித்தார். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். ராஜா உடை எல்லாம் ஒரு பக்கம், மிருகங்கள் ஒரு பக்கம் என்று இருக்கும் என எதிர்பார்த்தேன். ஒரே அலமாரித் தட்டில் கரடி, மணப்பெண், போலீஸ், ஒரு பூசணிக்காய். எனக்குத் தலை சுற்றியது.

"ராஜா எங்கம்மா?"

"எந்த ராஜா சார்? இருபத்தாறா, இருபத்தெட்டா?"

"என்னது?"

"மார்பளவு சார்." சட்டைக் காலருக்குள் விரலை விட்டுக் காட்டினார். ஒவ்வொரு உடுப்பிலும் கழுத்துக்கு உள்பக்கம் நாலு தையல் வண்ண நூல் போட்டிருந்தார். மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு மஞ்சள், அப்புறம் பச்சை, நீலம், எல்லாவற்றையும்விடப் பெரிதுக்குச் சிவப்பு. "டிப்போல கிளட்ச் பிளேட்டை டிரைவர் பேர் போட்டா அடுக்குவோம்? எந்த வண்டில சேரும்னு பாத்துதான் அடுக்குவோம். இதுவும் அப்படித்தான். பிள்ளைக்குச் சேரணும். ராஜாவா போலீஸாங்கறது மேல மாட்டுற பெல்ட்டுல இருக்கு."

சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு வெள்ளைக் கோட்டை எடுத்து, காக்கி பெல்ட்டைக் கட்டி ஆணியில் மாட்டினார். போலீஸ். பெல்ட்டைக் கழற்றினார். டாக்டர். தோளில் ஒரு துண்டைப் போட்டார். ஹோட்டல் சர்வர். பதினெட்டு வருடமாக இந்த மூன்று பேருக்கும் தனித்தனியாகத் தைக்கக் கொடுத்தவன் நான். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன், வரும்போது நெற்றியில் இடித்துக்கொண்டேன்.

மாலையில் அவர் வீட்டுக்கு ஒரு பை எடுத்துப் போவார். ஒரு தடவை அந்தப் பக்கம் போனபோது நானும் உள்ளே போய்ப் பார்த்தேன். இரண்டே அறை. மாமியார் கட்டிலில் சாய்ந்துகொண்டு மடியில் ஒரு டப்பா பட்டனை வைத்து ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். "ஒரு ராஜாவுக்கு ஏழு பட்டன், ஏழும் ஏழு ஜாதி. இவனையெல்லாம் யாரு ராஜான்னு ஒத்துக்கிட்டது?" என்று என்னைப் பார்த்தே கேட்டார், நான்தான் அந்த ராஜாவைப் பெற்றவன் என்று தெரியாமல். கணவர் தரையில் சம்மணமிட்டு, பைஜாமா இடுப்புகளில் நாடா கோத்துக்கொண்டிருந்தார். சுவருக்குள் இருக்கும் குழாயில் வயர் இழுக்க ஒரு வளையும் கம்பி வைத்திருப்பார்களே, அதை இடுப்புப் பட்டிக்குள் ஒரு பக்கம் விட்டு, மறு பக்கம் நாடாவோடு இழுத்தார். ஒரு பைஜாமாவுக்கு அரை நிமிடம். "இருபது வருஷமா சுவத்துக்குள்ள இழுக்குறேன் சார். சுவர் நகராது, இது நகருது, அவ்ளோதான் வித்தியாசம்" என்றார். அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான். அந்த வீட்டில் யாரும் இதை ஒரு பெரிய சேவையாக நினைக்கவில்லை, அக்கா கொண்டுவந்த வேலை, எல்லோரும் செய்கிறார்கள்.

கடைசியாக அட்டைகள். ஒவ்வொரு உடுப்புக்கும் ஓர் அட்டை: அளவு, எங்கே கிழிந்தது, எப்போது தைத்தது, எந்தெந்த வருடம் எந்தப் பிள்ளை போட்டது. டிப்போவில் ஒவ்வொரு பாகத்துக்கும் அப்படி ஒன்று இருக்குமாம். "யார் போட்டாங்கன்னு எதுக்கும்மா?" என்று கேட்டேன். "ஒரே இடத்துல திரும்பத் திரும்பக் கிழிஞ்சா, ஏன்னு தெரிய வேணாமா சார்?" என்றார். பதினெட்டு வருட நிகழ்ச்சித் தாள்களும் குழுப் படங்களும் என் பீரோவில் இருந்தன. அவற்றில் என் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதால் ஒன்றைக்கூடத் தொலைக்காமல் வைத்திருந்தேன். கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து, மதிய இடைவேளையில் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் இரண்டு வரிசையாக அட்டைகள்.

"சார், கோவப்படாமப் பாக்கணும்."

இப்படி ஆரம்பித்தால் எனக்கு உடனே கோபம் வரும். வந்தது.

முதல் வரிசையில் பேசும் பாத்திரங்கள்: ராஜா, ராணி, மந்திரி, டாக்டர், திருடன். அந்தந்த வருடம் போட்ட பிள்ளைகளின் பெயர்கள், பக்கத்தில் அளவு. இருபத்தாறு, இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தேழு. இரண்டாவது வரிசையில் ஐந்து மரம், இரண்டு யானை, ஒரு மேகம், ஒரு மலை. முப்பத்திரண்டு, முப்பத்தாறு, முப்பத்தைந்து, முப்பத்தெட்டு.

"பதினெட்டு வருஷத்துல உங்க நாடகத்துல குண்டான பிள்ளை ஒண்ணுகூட வாயத் திறந்து பேசுனதில்ல சார்."

"நான் என்ன வேணும்னா பண்ணேன்? இருக்கற டிரஸ் யாருக்குச் சேருதோ அவங்களுக்குத்தானே குடுக்க முடியும்? ராஜா அங்கி இருபத்தெட்டு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" கத்தினேன். சைக்கிள் ஸ்டாண்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப இத்தனை வருஷமா யாரு நடிக்கணும்னு முடிவு பண்ணது நீங்க இல்ல, அங்கிதான்" என்றார். குரலில் குத்தல் இல்லை. ஒரு பாகம் ஏன் தேய்கிறது என்று கண்டுபிடித்தவர் சொல்வது போலத்தான் சொன்னார்.

அவர் சொன்னது உண்மை. எங்கள் பள்ளியில் நாடகத் தேர்வு நடக்கும் முறை இதுதான்: நான் அங்கியை எடுத்துப் போய் மேசைமேல் வைப்பேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போட்டுப் பார்ப்பார்கள். பட்டன் போட முடிந்தவன் மட்டும் வசனம் வாசிப்பான். அதில் தப்பு இருப்பதாக எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. பெற்றோருக்கும் தோன்றியதில்லை, அவர்களில் பாதிப் பேர் தாங்கள் படித்த பள்ளியில் இப்படியே மரமாக நின்றவர்கள்.

இப்போது அந்த அங்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கருஞ்சிவப்பு வெல்வெட், பொன்னிறக் கரை, கழுத்தில் பெரிய பித்தளைப் பட்டன். எங்கள் தாளாளர் அம்மா, பதினெட்டு வருடம் முன்பு, ஏழாம் வகுப்பில் படித்த தன் ஒரே மகனுக்காகத் தைக்கக் கொடுத்தது. நான் போட்ட முதல் நாடகத்தின் ராஜா அவன்தான். அதன் பிறகு அங்கியைப் பள்ளிக்கே கொடுத்துவிட்டார். மகன் இப்போது எங்கோ தூர தேசத்தில் இருக்கிறான், வருவதில்லை. தாளாளர் அம்மா மட்டும் ஒவ்வொரு ஆண்டு விழாவுக்கும் மேடைக்குப் பின்னால் வந்து, அந்த வருட ராஜாவின் கழுத்துப் பட்டனைத் தன் கையால் போட்டுவிட்டுப் போவார். அந்த அங்கிக்காகவே நான் ராஜா வரும் நாடகங்களாக எழுதினேன். பல் துலக்குவதைப் பற்றிய நாடகத்தில்கூட ஒரு ராஜா இருந்தார்.

அந்த வருட நாடகம், தூக்கம் வராத ஒரு ராஜா தன் நாட்டில் யாருமே தூங்கக் கூடாது என்று ஆணையிடுவது. பட்டன் போட முடிந்த பையனுக்கு ராஜா வேடம் கொடுத்திருந்தேன். நல்ல பையன். வசனம்தான் அவனிடம் தங்காது.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பிள்ளைகள் வைத்த பெயர் இடி. அவள் சிரித்தால் இரண்டு வகுப்பு தள்ளிக் கேட்கும். நல்ல உயரம், நல்ல பருமன். இரண்டு வருடமாக என் நாடகத்தில் மலையாக இருந்தவள், அந்த வருடமும் அவள்தான் மலை. சாக்குத் துணிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேடம். ஆனால் அதற்கு முந்தின வருடம் ராஜா வசனத்தை மறந்து விழித்தபோதெல்லாம் மலைக்குள்ளிருந்து குரல் மெல்ல வரும், ராஜா திருப்பிச் சொல்வான். முதல் வரிசைக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது. மலை பேசக் கூடாது என்று மறுநாள் அவளைத்தான் திட்டினேன்.

ஒத்திகை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். உடுப்பு அளவெடுக்க அக்கா ஒத்திகைக்கு வந்தார். ராஜா மறந்தான், மலை சொன்னது. ராஜா மறந்தான், மலை சொன்னது. அக்கா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்று கேட்டார். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார்.

"சார், உங்க ராஜா மலைக்குள்ள இருக்கு."

"தெரியும்."

"அப்ப எடுத்து வெளிய விடுங்களேன்."

"எப்படிம்மா விடுறது? அவளுக்கு முப்பத்தாறு. அங்கி இருபத்தெட்டு."

"பக்கத் தையலைப் பிரிச்சு ரெண்டு பக்கமும் துண்டு குடுத்து, ஷூ லேஸ் கட்டுற மாதிரி பண்ணிட்டா, இருபத்தெட்டுல இருந்து முப்பத்தெட்டு வரைக்கும் யாரு வேணா போடலாம் சார்."

"அக்கா, உங்களுக்கு வேலை வேணுமா வேணாமா? தாளாளர் மேடம் அதைத் தன் பிள்ளை மாதிரி பாத்துட்டு இருக்காங்க. கத்தரிக்கோல் பட்டுச்சுன்னா, மறுநாள் நீங்க கேட்டுக்கு வெளிய நிப்பீங்க. அடுத்த வருஷம் உங்களைப் புதுப்பிக்கற பேப்பர்ல கையெழுத்துப் போடுறதே அவங்கதான்."

அவர் தன் பையைத் திறந்தார். இரண்டாவது வரிசை அட்டைகளில் எல்லாவற்றுக்கும் அடியிலிருந்த ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். முதல் மரம். அளவு முப்பத்திரண்டு. அதைப் போட்டவன் பெயர் தாளாளர் அம்மாவின் மகனுடையது.

எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. அட்டையைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பு வந்தபோது பையன் திடீரென்று சதை போட்டுவிட்டான். தேர்வு நாளில் அவன் தன் அங்கியையே போட்டுப் பார்த்தான், பட்டன் எட்டவில்லை. வகுப்பு சிரித்தது. "சரி சரி, நீ மரத்துக்கு வாடா" என்றேன். அவன் மரமாக நின்றான். அதற்கடுத்த வருடம் தேர்வுக்கே வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் கத்துவதற்குப் பெயர் போனவன், கேட்பதற்கு இல்லை.

அன்று முழுக்க எனக்கு எதிலும் மனம் ஓடவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக ராஜா பையனைக் கூப்பிட்டு, நீ சேனாதிபதி என்றேன். அழுவான் என்று பயந்தேன். "மூணு வசனம்தானே சார்?" என்று கேட்டு, ஆமாம் என்றதும் குதித்துக்கொண்டு ஓடினான். இடியைக் கூப்பிட்டு, நீதான் ராஜா என்றேன். அவள் என்னை நம்பவில்லை. "சார், அங்கி?" என்றாள். பதினாலு வயதுப் பெண் முதலில் கேட்ட கேள்வி அதுதான். "அதைப் பத்தி உனக்கு என்ன? வசனத்தைப் படி!" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

அக்கா வெட்டிய அன்று நான் பக்கத்தில் இருந்தேன். துண்டு கொடுக்க ஆபீஸில் கிடந்த பழைய மேசை விரிப்பு, அதுவும் சிவப்பு வெல்வெட், கிட்டத்தட்ட அதே நிறம். "கொஞ்சம் வித்தியாசம் தெரியும். நடுவுல பொன்னு கரை வெச்சுட்டா டிசைன்னு நினைச்சுப்பாங்க" என்றார். தையலைப் பிளேடால் பிரித்தார், சுண்ணக்கட்டியால் கோடு போட்டார், கத்தரிக்கோலை எடுத்தார், அப்படியே ஒரு நிமிடம் நிறுத்தினார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். எனக்கு அதுவரை அவருக்குப் பயம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

"தப்பாப் போனா உங்க பேரைச் சொல்ல மாட்டேன் சார்" என்றார்.

என் பேரையும் சொல்லுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஜன்னல் வழியாகச் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கத்தரிக்கோல் வெல்வெட்டுக்குள் போகும் சத்தம் கேட்டது.

ஆண்டு விழா அன்று மேடைக்குப் பின்னால் அறுபது பிள்ளைகள். வழக்கமாக அங்கே ஒரு கலவரம் நடக்கும். ஒரு ஷூவுக்கு இரண்டு பேர் சண்டை போடுவார்கள், யாராவது ஒருவர் பைஜாமாவை இடுப்பில் பிடித்துக்கொண்டே நடிப்பார். அந்த வருடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பை, பையில் அட்டை, அட்டையில் பெயர். கால் மணி நேரத்தில் அறுபது பேரும் தயார். எனக்குக் கத்துவதற்கு விஷயமே கிடைக்கவில்லை, சும்மா இருக்க முடியாமல் மைக்காரரிடம் கொஞ்சம் கத்தினேன்.

தாளாளர் அம்மா தலைமையாசிரியையோடு வந்தார். இடி அங்கியோடு எழுந்து நின்றாள். ஆள் நிறைந்த ராஜா. தாளாளர் அம்மாவின் கை கழுத்துப் பட்டனுக்குப் போனது, பாதியில் நின்றது. பார்வை கீழே இறங்கியது. பக்கவாட்டில் இருந்த புதுத் துண்டை, பொன்னிறக் கரையை, லேஸ் கட்டை விரலால் தடவினார்.

"ஐயோ, இதை யாரு வெட்டுனது?" என்றார் தலைமையாசிரியை.

"நான்தான் மேடம்" என்று அக்கா முன்னால் வந்தார். கையில் ஊசியும் நூலும், சேலைத் தலைப்பில் வரிசையாகச் சேஃப்டி பின். முகம் வெளுத்திருந்தது.

இடி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அங்கியை இப்போதே கழற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று அவள் கைகள் லேஸ் முடிச்சுக்குப் போய்விட்டன. இரண்டு வருடம் மலையாக இருந்து பழகிய பெண்.

"நாங்க ரெண்டு பேரும்தான் மேடம்" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது, அவ்வளவு சின்னக் குரல். "நான்தான் இந்தப் பொண்ணுக்கு வேஷம் குடுத்தேன். முன்னாடியே, பல வருஷம் முன்னாடியே, இதைச் செஞ்சிருக்கணும். எனக்குப் புத்தி வரல."

தாளாளர் அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவைப் பார்த்து, "எவ்வளவு வரைக்கும் விரியும்?" என்று கேட்டார்.

"முப்பத்தெட்டு மேடம்."

"முப்பத்தெட்டு" என்று அவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "அன்னிக்கு அவனுக்கு முப்பத்திரண்டுதான் இருந்துச்சு." கொஞ்ச நேரம் வெல்வெட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "அன்னிக்கு இந்த ஸ்கூல்ல உங்களை மாதிரி ஒருத்தர் இல்லாமப் போயிட்டாங்களேம்மா."

பிறகு பித்தளைப் பட்டனைப் போட்டார். இடியின் கன்னத்தைத் தட்டி, "சத்தமாப் பேசு, நான் பின்னாடி போய் உட்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு முகத்தை நிமிர்த்த முடியவில்லை. அக்கா ஒரு ஓரமாகத் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டு, உடனே யாருடைய அவிழ்ந்த நாடாவையோ கட்டப் போய்விட்டார்.

நாடகத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். "இந்த நாட்டில் இனி ஒருவரும் தூங்கக் கூடாது!" என்று ராஜா ஆணையிடும் இடத்தில், கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தை அலறி எழுந்தது. அரங்கம் சிரித்தது. வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் அங்கேயே கவிழ்ந்திருக்கும். இடி கையை நீட்டி, "மந்திரியாரே, பார்த்தீரா, என் ஆணை அமலுக்கு வந்துவிட்டது!" என்றாள். நான் எழுதாத வசனம். நான் எழுதியதில் எதற்கும் அவ்வளவு கைதட்டல் கிடைத்ததில்லை. பக்கவாட்டுக் கதவில் அக்கா நின்றுகொண்டிருந்தார், சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தபடி.

அவர் வேலை இன்னும் தற்காலிகம்தான். அதில் எனக்குத் தீராத கோபம். நிரந்தரமாக்கச் சொல்லி இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன், தாளாளர் அம்மாவும் பேசிக்கொண்டிருக்கிறார், நிர்வாகக் குழுவில் ஏதோ விதி இடிக்கிறதாம். கத்தல் சார் என்ற பெயரை நான் இன்னும் முழுதாகப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்லலாம்.

இந்த வருட நாடகத் தேர்வுக்கு முதல் தடவையாக அங்கியை எடுக்காமல் வெறுங்கையோடு போனேன். வழக்கமாக இருபது பேர்தான் வருவார்கள், மிச்சத்துக்கு நான் ஆள் பிடிப்பேன். கதவைத் திறந்தால் எழுபதுக்கு மேல். வராந்தாவில் வரிசை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான், மூன்று வருடமாக என்னிடம் படிக்கிறான், பெஞ்சில் இரண்டு பேர் இடத்தை எடுத்துக்கொள்ளும் உடம்பு, அவன் குரலை நான் கேட்டதே இல்லை. திருடன் வசனத்தை வாங்கி வாசித்தான். முகத்தில் ஒன்றும் வரவில்லை, குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. இரண்டாவது தடவை சொல்லிக்கொடுத்து வாசிக்கச் சொன்னேன். இன்னும் மோசம்.

"இல்லப்பா, உனக்கு வேஷம் குடுக்க முடியாது" என்றேன்.

அவன் போகவில்லை. "எதனால சார்?"

"நடிப்பு வரலடா."

"நடிப்பு மட்டும்தானே சார் வரல?"

"ஆமாண்டா, சுத்தமா வரல."

முகமெல்லாம் சிரிப்பு அவனுக்கு. தாளை மடித்து என் கையில் கொடுத்தான். வெளியே போய், வராந்தாவில் காத்திருந்த நண்பனிடம் உரக்கச் சொன்னது எனக்கு உள்ளேயே கேட்டது: "டேய், எனக்கு நடிப்புதான்டா வரலையாம்!"